முதுகில் ஊசியா, முழு மயக்கமா?



பால்வாளி சுமந்தவர்களுக்கும் செம்பனைக் குலை வெட்டி ஏற்றுகிறவர்களுக்கும் இடுப்புவலி புதிதல்ல. ஒரு குலையே 20 கிலோவைத் தாண்டுவதுண்டு. இந்த வலி பெரும்பாலும் மருந்தாலும் தக்க பயிற்சியாலும் தணிந்துவிடும். முதுகெலும்புக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை நெருக்கினால் மட்டும் சிலருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். தண்ணீர்மலைப் பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடுமாமே?" என்பதுதான்.

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் இங்கிலாந்தின் செஸ்டர்பீல்டு நகர மருத்துவமனையில் உல்லி, ரோ என்ற இரு தொழிலாளர்களுக்குச் சிறிய அறுவைக்காக ஒரே நாளில் முதுகில் ஊசி போட்டார்கள். இருவருக்கும் கால்கள் செயலிழந்தன. வழக்கு நடந்தது. மருந்துக் குப்பிகளைப் பினாயில் இனத்தைச் சேர்ந்த கிருமிநாசினியில் ஊறவைத்திருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பின் வழியாக அது உள்ளே கசிந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஊசிகளைக் கொதிக்கவைத்த பாத்திரத்தில் தங்கிய அமிலமே காரணமாயிருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். எப்படிப் பார்த்தாலும் குற்றம் ஊசி முறையில் இல்லை. கலந்துபோன நஞ்சில் இருந்தது. இன்று ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிதான். நரம்புக்கு நிலையான கேடு வருவது மிக மிக அரிது.

ஊசி எங்கே போடுகிறார்கள்? பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியோடு முடிந்துவிடுகிறது. அதற்கும் கீழே, நரம்புகள் நீரில் மிதக்கும் இடத்தில் இரண்டு மூன்று மில்லி மருந்து போகிறது. சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். இரண்டு மணி நேரம்போல் நிற்கும். நோயாளி விழித்திருப்பார், விரும்பினால் இலேசாகத் தூங்க மருந்து தருவார்கள். 1898-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்டு பியர் இதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து, பல நாள் தலைவலியோடு படுத்தார். அந்த நீர் கசிவதால் வரும் தலைவலி இன்றும் சிலருக்கு உண்டு. ஊசி மெலிந்துவிட்டதால் குறைந்திருக்கிறது.

முழு மயக்கத்தில் ஒன்றுமே தெரியாது. தொண்டைக்குள் குழாய் செலுத்தி, இயந்திரம் மூச்சுவிட வைக்கும். முதுகு அறுவையில் ஆளைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டும் அல்லவா? அந்த நிலையில் நடுவில் மூச்சுத் திணறினால் குழாய் போடுவது கடினம். அதனால்தான் பல மருத்துவர்கள் முதலிலேயே முழு மயக்கத்தை விரும்புகிறார்கள். திருகாணி பொருத்தும் நீண்ட அறுவைக்கும் அதுவே ஏற்றது.

ஒரு வட்டை மட்டும் எடுக்கும் குறுகிய அறுவை என்றால் ஊசி முறையும் நன்றாகவே பயன்படுகிறது. இரண்டையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில், ஊசி போட்டவர்களுக்கு முதல் சில மணி நேரத்தில் வலியும் குமட்டலும் குறைவாயிருந்தன. ஆனால் இரத்த அழுத்தம் இறங்கலாம், சிறுநீர் பிரியத் தாமதமாகலாம். முழு மயக்கத்தில் தொண்டைக் கரகரப்பும் வாந்தியும் வரலாம். ஆகவே, "எது உயர்ந்தது?" என்று கேட்பதைவிட, "எனக்கு எது பொருந்தும்?" என்று மயக்கமருந்து டாக்டரைக் கேட்பதே முறை என்பது நம் கருத்து. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளவருக்கும் ஊசி ஆகாது. அசையாமல் குப்புறப் படுக்க முடியாதவருக்கும் அப்படியே.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். சுருட்டு, மது, நாட்டு மருந்து, இனிப்புநீர், ஆடும் பல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அறுவைக்கு 6 மணி நேரம் முன்பிருந்து சோறு, பால் எதுவும் கூடாது, வெற்றிலைபாக்கும் வேண்டாம். பரிவு மேலிட்டுப் பாட்டி ஊட்டும் ஒரு வாய்க் கஞ்சியும் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடலாம்.

ஊசி போட்டுக்கொண்டவர் வார்டுக்குத் திரும்பியதும் கால் கனமாகத்தான் இருக்கும். மெல்ல உணர்வு வரும். தாதி வந்து பார்க்கும்வரை அவரை எழுப்பி நடக்கவைக்காதீர்கள். பல மணி நேரமாகியும் காலை அசைக்க முடியவில்லை என்றாலோ, முதுகில் வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே தாதியைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.