கற்றோர் மீண்டும் கற்றல்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டம் பெற்ற அன்றே கல்வி முடிந்ததென எண்ணும் பழக்கம் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. அதன் தீங்கை ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்னும் தொழில் வாயிலாக விளக்கப் புகுகின்றோம்.

நோயால் செயல் குன்றியோர் தாமே உண்ணவும் உடுக்கவும் பயிற்றுவது அத்தொழில். பக்கவாதத்தால் நலிந்த கையிற் சிறிது அசைவு எஞ்சியிருப்பின், நல்ல கையைக் கட்டுப்படுத்தி நலிந்த கையையே பழக்குதல் பயன் தருமென 2006-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அதற்கு முன் பட்டம் பெற்று, பின் ஏடு புரட்டாதாரிடம் அகப்பட்ட நோயாளியின் கதி யாது?

ஆதலின், கலிபோர்னியாவில் இரண்டாண்டுக்கொருமுறை உரிமம் புதுப்பிக்க 24 மணி நேரக் கல்விக்குக் கணக்குக் காட்டல் வேண்டும். பிரிட்டனிலோ மணிக்கணக்கு இல்லை. கற்றது நோயாளிக்கு எங்ஙனம் பயன்பட்டதெனக் குறித்து வைத்தல் வேண்டும். இரண்டாண்டுக்கொருமுறை புதுப்பிக்குங்கால், நூற்றுக்கு இரண்டரைப் பேர் வீதம் தெரிந்தெடுத்து அக்குறிப்பைச் சோதிப்பர். மணிக்கணக்கை உறங்கியும் நிரப்பலாம். பயனை அங்ஙனம் காட்டல் இயலாது. ஆதலின் பின்னதே சிறந்ததென்பது எம் துணிபு.

பிறரைக் குறை கூறுமுன் எம் குறையையும் கூறுதல் கடன். பல்லாண்டு ஒரே குறிப்பேட்டைக் கொண்டே யாமும் பாடஞ் சொல்லி வந்தோம். மாணவன் ஒருவன் எழுப்பிய வினாவுக்கு விடை காணாது நாணிய அன்றே அதனை மூடினோம்.

நம் நாட்டிலும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலைப் பதிவுக்கு உட்படுத்தியுள்ளது. இத்துறை புகும் நம் இளைஞர், சட்டம் கேட்குமுன்னரே தம் குறிப்பேட்டைத் தொடங்குவாராக! அவரை நம்பி நீட்டப்படுவது ஓர் ஏழையின் உழைக்குங் கையாகவும் இருக்கலாம்.