இன்னொரு சங்கம் எதற்கு?



எனக்கு முன் பேசிய நண்பர் உருக்கமாகப் பேசினார். சான் ஹோசேயின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தை மூடப் பார்க்கிறார்கள், நம்மில் சிலர் அங்கேதான் பறக்கக் கற்றுக்கொண்டோம், அதைக் காப்பாற்ற நாமும் ஒரு சங்கம் தொடங்குவோம் என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நாலு தமிழர் கூடினால் அஞ்சு சங்கம் என்று ஊரில் கேலி செய்வார்கள். அந்தப் பெயரைக் கலிபோர்னியாவிலும் நாம் கெடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் எனக்குச் சில நிமிடம் கொடுங்கள்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஓடுபாதை இருக்க வேண்டும் என்பவன் நான். 1989 அக்டோபரில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தபோது மலைச்சாலை சரிந்து, நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து, வாட்சன்வில் ஊர் துண்டிக்கப்பட்டுப் போனது. அப்போது சொந்த விமானம் வைத்திருந்த சாதாரண ஆட்கள்தான் இங்கிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் விமானத்துறை மாணவர்கள் படிப்பதும் இந்த ரீட்-ஹில்வியூவில்தான். பெரிய விமானத்தை ஓட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் இதைப் போன்ற ஒரு சின்ன ஓடுபாதையில் தடுமாறித் தடுமாறி இறங்கிப் பழகியவர்கள். இதையெல்லாம் விமானிகள் எல்லா மேடையிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் நீட்டவில்லை.

சொல்வதற்கு ஆள் இல்லாமலா போய்விட்டது? விமான உரிமையாளர்களுக்கும் விமானிகளுக்கும் ஏஓபிஏ இருக்கிறது, 1939 முதல். சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்களுக்கு ஈஏஏ, 1953 முதல். வணிக விமானங்களுக்குத் தனிச் சங்கம், ஹெலிகாப்டருக்குத் தனிச் சங்கம், மாநில அளவில் கலிபோர்னியா விமானிகள் சங்கம். விமான நிலையத்துக்கு ஒரு தொண்டர் என்று ஏஓபிஏ நாடு முழுக்க ஆள் வைத்திருக்கிறது. வாஷிங்டனில் அலுவலகம், வழக்கறிஞர்கள், மாதப் பத்திரிகை. குறை என்ன?

குறை என்ன என்று காட்டச் சிகாகோவுக்கு அழைத்துப் போகிறேன். மிச்சிகன் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த மெய்க்ஸ் ஃபீல்டு. 1948இல் திறந்தது. கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் பழைய ஃபிளைட் சிமுலேட்டர் ஆடியவர்கள் இங்கே கண்டிப்பாக இருப்பீர்கள். விளையாட்டைத் திறந்ததும் நீங்கள் நின்ற இடம் அதுதான். மேயர் ரிச்சர்ட் டேலிக்கு அங்கே பூங்கா வேண்டும். எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஏஓபிஏ எதிர்த்தது. அதற்கென்றே ‘மெய்க்ஸின் நண்பர்கள்’ என்று தனிச் சங்கமும் இருந்தது. 2001இல் மாநில ஆளுநரும் மேயரும் ஒப்பந்தம் பேசி, 2026 வரை மூடுவதில்லை என்றார்கள். விமானிகள் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். 2003 மார்ச் 30ஆம் தேதி நள்ளிரவு, போலீஸ் காவலோடு புல்டோசர்கள் உள்ளே போயின. விடிந்து பார்த்தால் ஓடுபாதை நெடுகப் பெரிய பெரிய எக்ஸ் வடிவப் பள்ளங்கள். 16 விமானங்கள் கிளம்ப வழியில்லாமல் நின்றன; பிறகு பக்கத்து டாக்ஸிவேயில் ஓடி மேலெழுந்து போயின.

தண்டனை? முன்னறிவிப்புக் கொடுக்காத குற்றத்துக்கு 33,000 டாலர் அபராதம். வேறு கணக்கில் 10 லட்சம் டாலரை மத்திய அரசுக்குத் திருப்பிக் கட்டினார்கள். சிகாகோ மாதிரி ஒரு நகரத்துக்கு அது சில்லறை. சங்கங்கள் ஓய்ந்துவிடவில்லை, அபராதத் தொகையை உயர்த்திச் சட்டமே கொண்டுவர வைத்தன. அடுத்தவன் வீட்டுக்கு அது பாதுகாப்பு. மெய்க்ஸ் இன்றைக்குப் பூங்கா.

அந்த மேயர் அதற்குப் பிறகும் நின்றார், ஜெயித்தார். அதை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவில் விமான நிலையத்தைத் தோண்டிய மனிதரை ஊர் தூக்கி எறியவில்லை. ஏனென்றால் ஊருக்கு அந்த ஓடுபாதையோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பறந்தவர்களுக்கு அது உயிர். பறக்காதவர்களுக்கு அது பணக்காரர் நாலு பேர் வந்து இறங்குகிற இடம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ரீட் சகோதரர்கள் 1930களின் கடைசியில் பழத்தோட்டங்களுக்கு நடுவே போட்ட ஓடுபாதை இது. தோட்டங்கள் போயின, வீடுகள் வந்தன, பள்ளிகள் வந்தன, ஈஸ்ட்ரிட்ஜ் மால் வந்தது. ‘விமான நிலையம் முதலில் வந்தது, தெரிந்துதானே வீடு வாங்கினார்கள்’ என்று நம் ஆட்கள் சொல்வார்கள். சட்டமன்றத்தில் எடுபடலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள், வியட்நாம் குடும்பங்கள். பலர் வாடகைக்கு இருப்பவர்கள். எதையும் பார்த்துப் பார்த்து வாங்கும் வசதி அவர்களுக்கு எங்கே இருந்தது?

பறக்கக் கற்கிறவர் என்ன செய்வார் தெரியுமா? ஏறுவார், இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்புவார், ஒரு வட்டம் போட்டு இறங்குவார், சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி ஏறுவார். ஒரு மணி நேரத்தில் பத்துச் சுற்றாவது போகும். ஒவ்வொரு சுற்றும் அதே கூரைகளுக்கு மேலேதான். நானும் அந்தக் கூரைகளின் மேல் சுற்றியவன்தான்.

கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு சடங்கு உண்டு. இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணாடி மாதிரியான சின்னக் குப்பியை டாங்கின் அடியிலுள்ள வால்வில் வைத்து அழுத்தினால் எரிபொருள் கொஞ்சம் இறங்கும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து மாதிரி உருண்டு நிற்கும். இல்லையென்றால் குப்பி முழுக்க அழகான இளநீலம். அந்த நீலத்தைத்தான் ஹண்ட்ரட் லோ லெட் என்கிறோம். பெயரில்தான் ‘லோ’, ஒரு காலனில் 2 கிராமுக்கு மேல் காரீயம் இருக்கலாம். பார்த்து முடித்ததும் பழைய விமானிகள் பலர் என்ன செய்தார்கள்? வீசித் தரையில் ஊற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார்கள். கார் பெட்ரோலிலிருந்து காரீயத்தை அமெரிக்கா எப்போதோ எடுத்துவிட்டது. நம் குப்பியில் மட்டும் அது தங்கிவிட்டது.

2021இல், விமான நிலையத்தின் சொந்தக்காரரான கவுன்டி நடத்திய ஆய்வு வந்தது. விமான நிலையத்தைச் சுற்றி ஒன்றரை மைலுக்குள் இருந்த குழந்தைகளின் பத்தாண்டு ரத்தப் பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். அரை மைலுக்குள் இருந்த குழந்தைகளுக்கும், காற்று போகும் திசையில் இருந்தவர்களுக்கும் ரத்தத்தில் காரீயம் கூடுதல். விமானம் அதிகமாகப் பறக்கும் காலங்களில் இன்னும் கூடுதல். அந்த ஆகஸ்டிலேயே, 2031 வரை காத்திருக்காமல் முடிந்த மட்டும் சீக்கிரம் மூட வழி பார்ப்பது என்று கவுன்டியின் மேற்பார்வையாளர் குழு ஒருமனதாக முடிவெடுத்தது. 2031 என்பது எங்கிருந்து வந்தது என்றால், மத்திய அரசின் மானியத்தை வாங்கினால் இருபது ஆண்டு நடத்தியே ஆக வேண்டும். கவுன்டி கடைசியாக வாங்கியது 2011இல். அதற்குப் பிறகு வேண்டுமென்றே கை நீட்டவில்லை.

நம் தரப்பு உடனே என்ன சொன்னது? ஆய்வின் புள்ளிவிவரத்தில் ஓட்டை இருக்கிறது, சராசரி அளவு மாநிலத்தின் வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது, கண் வைத்திருப்பது 180 ஏக்கர் நிலத்தின் மேல் என்றது. நிலத்தின் மேல் கண் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. சான் ஹோசேயில் வாடகை கொடுக்கிறவர்களுக்கு 180 ஏக்கர் என்றால் என்ன என்று தெரியும். ஆனால் குழந்தையின் ரத்தத்தைப் பற்றிக் கேட்கும் தாய்க்குப் புள்ளிவிவரத்தின் ஓட்டையைப் பதிலாகச் சொன்னவன் அந்த நிமிடமே தோற்றுவிட்டான். அதை ஆயிரம் உறுப்பினர் உள்ள சங்கம் சொன்னாலும் ஒன்றுதான்.

அப்படியானால் புதுச் சங்கமே கூடாதா? மொன்டானாவில் 2003இல் சில விமானிகள் ரிக்ரியேஷனல் ஏவியேஷன் ஃபவுண்டேஷன் என்று ஒன்று தொடங்கினார்கள். மலைக்காட்டுக்குள் இருக்கும் புல் ஓடுபாதைகளைக் காக்க. அப்போதும் ஏஓபிஏ இருந்தது, எல்லாம் இருந்தது. இவர்கள் புல் வெட்டினார்கள், காற்று காட்டும் துணிக்குழாயை மாற்றினார்கள், வனத்துறையோடு உட்கார்ந்து பேசினார்கள். நிலத்துக்காரர் ஏன் பூட்டுகிறார் என்று கேட்டார்கள். யாராவது வந்து விழுந்து அடிபட்டால் என் மேல் வழக்குப் போடுவான் என்ற பயம். மாநிலம் மாநிலமாகப் போய், மீன்பிடிக்க வருகிறவனுக்கும் மலையேற வருகிறவனுக்கும் இருக்கும் அதே சட்டத்தில் விமானத்தில் வருகிறவனையும் சேர்க்க வைத்தார்கள். பூட்டு தானாகத் திறந்தது. எதிரில் இருப்பவனின் பயம் என்ன என்று கேட்கிற சங்கத்துக்கு என் ஆதரவு எப்போதும் உண்டு.

ரீட்-ஹில்வியூவில் 2022 ஜனவரி முதல் காரீய எரிபொருள் விற்பதில்லை. ஆனால் வேறு ஊரில் நீலத்தை நிரப்பிக்கொண்டு வந்து இங்கே சுற்றுவதற்குத் தடை இல்லை. காரீயம் இல்லாத யுஎல்94 எல்லா இன்ஜினுக்கும் ஒத்துவராது. ஜி100யுஎல் ஒத்துவரும் என்று 2022இல் ஒப்புதல் கிடைத்தது. பெயின்ட் உரிகிறது என்ற புகாரும் பிறகு வந்தது. பெரிய சங்கங்கள் அரசோடு சேர்ந்து 2030 கடைசி என்று கெடு வைத்திருக்கின்றன. 2030 வரை அந்தக் கூரைகளின் கீழே வளரப்போகும் குழந்தைகளுக்கு யார் பொறுப்பு?

ஆகையால் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொடுக்கிறேன். உறுப்பினர்களில் பாதிப் பேர் அந்தச் சுற்றுப்பாதைக்குக் கீழே குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் அவர்களில் ஒருவராகவே இருக்கட்டும். விமானிகளான நாம் சேரும்போது, எங்கே நிரப்பினாலும் நீலத்தை நிரப்பிக்கொண்டு இந்த ஓடுபாதையில் பயிற்சிச் சுற்று போக மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். சில பேர் விமானத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டி வரும், தெரிந்துதான் சொல்கிறேன். கூட்டத்தை நம் வீட்டு வரவேற்பறையில் போடாமல் அந்தப் பகுதிப் பள்ளிக்கூடத்தில், ஸ்பானிஷும் வியட்நாமியமும் பேசுகிறவர்களை வைத்துக்கொண்டு நடத்துவோம். அவர்கள் கடைசியில் மூடத்தான் வேண்டும் என்று சொல்லலாம். அதையும் உட்கார்ந்து கேட்போம்.

இதற்குச் சபை சம்மதித்தால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், அவைத்தலைவர் அவர்களே. சம்மதம் இல்லையென்றால் ஏஓபிஏவுக்குச் சந்தா கட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம், பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது.