தாம்பரத்தில் எழுந்த வினா

கடவுள் தம்மை மனிதருக்கு வெளிப்படுத்துகிறார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கை. அவ்வெளிப்பாடு இயேசு கிறிஸ்துவில் நிறைவெய்தியது என்பது அச்சமயத்தாரின் நம்பிக்கை. அவ்வாறாயின், பிற சமயத்துச் சான்றோர் தம் வழிபாட்டிலும் தவத்திலும் கண்ட ஒளி எத்தகையது? இவ்வினாவை நாம் இன்று சிறிது ஆராய்வோம்.

வினா புதியதன்று. ஏதென்ஸ் நகரத்தார் அறியாத தெய்வத்துக்கென எழுப்பிய பலிபீடத்தைக் கண்ட புனித பவுல், அதனை இகழ்ந்தாரில்லை. அதனையே தம் பேச்சுக்குத் தொடக்கமாகக் கொண்டார். எனினும், கிறிஸ்துவைப் பற்றிய செய்தியை அவர்களுக்குக் கூறாமலும் விட்டாரில்லை.

1938 டிசம்பரில் இவ்வினா நம் தாம்பரத்துக்கே வந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் பல நாட்டுத் திருச்சபைப் பிரதிநிதிகள் நானூற்றுவருக்கு மேற்பட்டோர் கூடினர். ஹாலந்து நாட்டறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் அம்மாநாட்டுக்கெனவே ஒரு பெருநூல் இயற்றியிருந்தார். இந்து சமயத்தின் நாட்டங்கள் கிறிஸ்துவில் நிறைவுறுகின்றன என்று 1913-இல் ஃபார்க்குவார் எழுதியிருந்தார். கிரேமர் அதனை ஏற்கவில்லை. வெளிப்பாடு கடவுளின் செயல். சமயங்களோ மனிதரின் முயற்சி. ஒன்று மற்றொன்றின் தொடர்ச்சியாகாது என்பது அவர் வாதம்.

அக்கல்லூரியில் பல்லாண்டுகள் தத்துவம் கற்பித்த ஏ. ஜி. ஹாக் இதனை மறுத்தார். பிற சமயத்தாரிடம் தேடுதல் மட்டுமின்றிக் கண்டடைதலும் உண்டு; அங்கும் இறைவன் மனிதரைச் சந்திக்கிறான் என்றார் அவர். சக்கரை, செஞ்சையா முதலிய இந்தியக் கிறிஸ்தவ அறிஞர்களும் அதே ஆண்டில் நூலொன்று வெளியிட்டுத் தம் மாற்றுக் கருத்தை முன்வைத்தனர்.

1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பிற சமயங்களிலுள்ள உண்மையும் புனிதமுமான எதையும் கத்தோலிக்கத் திருச்சபை ஒதுக்குவதில்லை என அது கூறிற்று. கிறிஸ்துவை அறிவிக்கும் கடமையையும் உடன் வலியுறுத்திற்று. இவ்விரண்டையும் பொருத்துவது எவ்வாறு என்னும் ஆராய்ச்சி இன்றும் ஓய்ந்தபாடில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. அடுத்த வீட்டார் வேறு மொழியினர். பல வேளை வேறு சமயத்தினர். எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லி உரையாடலை முடித்துவிடுவது எளிது. ஆனால் அவர் உயிரினும் மேலாகப் போற்றுவது யாது என்று நாம் கேட்டறியாமலே போய்விடுவோம். கிரேமர் வேற்றுமையை மறைக்கலாகாது என்றார். ஹாக் பிறர் கண்ட ஒளியை மறுக்கலாகாது என்றார். இவ்விரு எச்சரிக்கைகளையும் ஒருங்கே மனத்திற் கொள்வோமாயின், நம் நம்பிக்கையில் உறுதியாக நின்றே அண்டை வீட்டாரின் நம்பிக்கைக்கும் செவிசாய்க்க நம்மால் இயலும்.