வரி குறைஞ்சது, ஆனா யாரும் நம்பல

இன்னிக்கு அமெரிக்கா பக்கம் போறோம். தலைப்புல வரின்னு இருக்கேன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. ஒரு மனுஷன் தன்னோட சொந்தச் சம்பளத்தைப் பத்தியே எதை நம்புறான், ஏன் நம்புறாங்கிறதுதான் இன்னிக்கு விஷயம்.

ரெண்டு எண்களை முதல்ல சொல்லிடுறேன். டிரம்ப் முதல் தடவை அதிபரா இருந்தப்போ, 2017 டிசம்பர்ல ஒரு பெரிய வரிக்குறைப்புச் சட்டம் வந்தது. டாக்ஸ் பாலிசி சென்டர்னு வாஷிங்டன்ல ஒரு ஆய்வு அமைப்பு இருக்கு. அவங்க கணக்குப்படி அந்தச் சட்டத்தால 2018-ல சுமார் 65 சதவீதக் குடும்பங்களுக்கு வருமான வரி குறைஞ்சது. அதிகமா கட்ட வேண்டி வந்தது சுமார் 6 சதவீதம் பேருக்குத்தான்.

இப்போ ரெண்டாவது எண். 2019 ஏப்ரல்ல நியூயார்க் டைம்ஸுக்காக சர்வேமங்கி ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. "உங்களுக்கு வரி குறைஞ்சதா?"ன்னு கேட்டா, குறைஞ்சதா நினைக்கிறேன்னு சொன்னவங்க 40 சதவீதம். அதுலயும் நிச்சயமா குறைஞ்சதுன்னு சொன்னவங்க 20 சதவீதம்தான்.

அதாவது அரசாங்கம் பல கோடிப் பேர் பாக்கெட்டுல பணத்தை வெச்சிருக்கு. பாதிப் பேருக்கு மேல, "என் பாக்கெட்டுல ஒண்ணும் இல்லையே"ங்கிறாங்க.

இதைப் படிச்ச உடனே எல்லாருக்கும் ஒரு பதில் தோணும். டிரம்ப்பைப் பிடிக்காதவங்க நிறைய பேர், அதனால ஒத்துக்க மாட்டேங்குறாங்கன்னு. அதுல உண்மை இருக்கு. ஜனநாயகக் கட்சிக்காரங்க, வரி குறைஞ்சதை நம்பினது ரொம்பவே கம்மி. ஆனா அந்தப் பதில் மட்டும் போதாது. எட்டு வருஷம் பின்னாடி போனா இதே கதை தலைகீழா நடந்திருக்கு.

2009. பொருளாதாரம் நொறுங்கிக் கிடக்கு. ஒபாமா பதவிக்கு வந்து ஒரு மாசத்துக்குள்ள ஒரு பெரிய மீட்புச் சட்டம் நிறைவேறுது. நாடாளுமன்றக் கீழவையில ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர்கூட அதுக்கு ஓட்டுப் போடல. செனட்ல மூணே பேர். அந்தச் சட்டத்துக்குள்ள ஒரு வரிக்குறைப்பு இருந்தது: தனி ஆளுக்கு வருஷத்துக்கு 400 டாலர், தம்பதிக்கு 800 டாலர். உழைக்கிற குடும்பங்கள்ல கிட்டத்தட்ட 95 சதவீதத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் ஏப்ரல் 15, அங்க வருமான வரி தாக்கல் பண்ற கடைசி நாள். அன்னிக்கு ஊர் ஊரா டீ பார்ட்டிப் போராட்டம். "போதும்டா சாமி, இதுக்கு மேல வரி கட்ட முடியாது"ன்னு பதாகை பிடிச்சிட்டு நின்னாங்க. அந்தக் கூட்டத்துல நின்னவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வரி அப்போதான் குறைஞ்சிருந்தது.

2010 பிப்ரவரியில சிபிஎஸ்ஸும் நியூயார்க் டைம்ஸும் சேர்ந்து கேட்டாங்க: ஒபாமா அரசு வரியைக் குறைச்சிருக்கா, கூட்டியிருக்கா? குறைச்சிருக்குன்னு சொன்னவங்க 12 சதவீதம். டீ பார்ட்டி ஆதரவாளர்கள்ல வெறும் 2 சதவீதம்.

ஆக, டிரம்ப் குறைச்சாலும் தெரியல, ஒபாமா குறைச்சாலும் தெரியல. கட்சி ஒரு காரணம், சரி. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு, பணம் கைக்கு வர்ற வழி.

அமெரிக்காவுல சம்பளத்துலயே வரியைப் பிடிச்சிடுவாங்க, நம்ம ஊர் டிடிஎஸ் மாதிரிதான். வரி குறைஞ்சா, பிடிக்கிற தொகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 2017 சட்டத்துல நடுத்தர வருமானக் குடும்பத்துக்குச் சராசரியா வருஷத்துக்கு சுமார் 930 டாலர் மிச்சம்னு அதே டாக்ஸ் பாலிசி சென்டர் கணக்குப் போட்டது. அங்க நிறைய பேருக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை சம்பளம். வகுத்துப் பாருங்க, ஒரு சம்பளத்துக்கு 36 டாலர் கிட்ட வருது. அதே மாசம் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறியிருக்கும், ஒரு நாள் ஓவர்டைம் குறைஞ்சிருக்கும். அந்த 36 டாலரை யார் கண்டுபிடிப்பாங்க?

இதுல ஒரு வேடிக்கை. ஒபாமா டீம் இப்படி நைசா கொடுக்கணும்னு திட்டம் போட்டுத்தான் கொடுத்தாங்க. மொத்தமா செக் கொடுத்தா ஜனங்க பேங்குல போட்டுடுவாங்க, இல்ல கடனை அடைச்சிடுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா சம்பளத்துல சேர்த்துக் கொடுத்தா கவனிக்காம செலவு பண்ணுவாங்க, கடைகள்ல வியாபாரம் நடக்கும், பொருளாதாரம் எழுந்திரிக்கும். பொருளாதாரமாப் பார்த்தா புத்திசாலித்தனம். ஆனா கவனிக்காம செலவு பண்ணணும்னு கொடுத்த பணத்துக்கு, கவனிச்சு ஓட்டுப் போடுவாங்கன்னு எதிர்பார்த்தா எப்படி?

2001-ல ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நேர் எதிரா பண்ணினார். தனி ஆளுக்கு 300 டாலர், தம்பதிக்கு 600 டாலர் வரைக்கும் செக், தபால்ல. செக் வர்றதுக்கு முன்னாடியே வரித்துறையில இருந்து வீட்டுக்கு வீடு ஒரு கடிதம்: நாடாளுமன்றம் நிறைவேத்துச்சு, அதிபர் புஷ் கையெழுத்துப் போட்டார், உங்களுக்குப் பணம் வருது. செக் யார் கொடுத்ததுன்னு யாருக்கும் சந்தேகமே வரல. 2020-ல கொரோனா உதவிப் பணம் செக்கா போனப்போ அதுல டிரம்ப் பேரை அச்சடிச்சாங்களே, அதுவும் இதே பாடம்தான்.

சரி, பணம் கண்ணுக்குத் தெரியல. அப்போ "உங்களுக்கு வரி குறைஞ்சதா?"ன்னு ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டா மனசு என்ன பண்ணும்? சம்பளச் சீட்டைத் தேடாது. இதை யார் கொண்டுவந்தாங்கன்னு பார்க்கும். கட்சி வேலை செய்ய ஆரம்பிக்கிறது அங்கதான்.

2017 சட்டம் ஜனநாயகக் கட்சியோட ஒரு ஓட்டுகூட இல்லாம நிறைவேறியது. செனட்ல 51-க்கு 48. அது வந்த ரெண்டாவது மாசம் நடந்த ஒரு சின்ன விஷயத்தைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். அப்போ கீழவை சபாநாயகர் பால் ரயன். வரிக்குறைப்பே தன் வாழ்நாள் லட்சியம்னு இருந்தவர். பென்சில்வேனியாவுல ஒரு பள்ளிக்கூடத்துல செக்ரட்டரியா வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்குச் சம்பளத்துல வாரம் ஒன்றரை டாலர் கூடியிருக்கு, அது அவங்களோட காஸ்ட்கோ வருஷ மெம்பர்ஷிப்புக்கு ஆகும்னு ஒரு செய்தி வந்தது. ரயன் அதைப் பெருமையா ட்வீட் பண்ணினார். சில மணி நேரத்துல அழிச்சும்ட்டார். அதுக்குள்ள ஊரே சிரிச்சிடுச்சு.

ஏன் சிரிச்சாங்க? ஒன்றரை டாலர் பொய் இல்ல. 52 வாரத்துக்கு 78 டாலர், மெம்பர்ஷிப்புக்கு மேலயே வரும். ஆனா அதே சட்டம் கம்பெனிகளோட வரியை 35 சதவீதத்துல இருந்து 21-க்கு இறக்கியிருந்தது. அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா வர்ற சிரிப்பு அது.

எதிர்ப் பக்கமும் சறுக்காம இல்ல. கம்பெனிகள் வரி மிச்சத்துல ஊழியர்களுக்கு 1,000 டாலர் போனஸ் அறிவிச்சப்போ, நான்சி பெலோசி அதை எலும்புத்துண்டு போடுற கணக்கா, வெறும் துணுக்குன்னு பேசிட்டாங்க. குடியரசுக் கட்சி அதைப் பிடிச்சிட்டு மாசக்கணக்குல விளம்பரம் ஓட்டினாங்க: பெலோசி பணக்காரி, அவங்களுக்கு 1,000 டாலர் துணுக்குதான். எனக்கு அந்த விளம்பரம் நியாயமாத்தான் பட்டது. மாசக் கடைசியில 1,000 டாலர் துணுக்கு இல்ல.

அடுத்து 2019 ஆரம்பத்துல ரீஃபண்ட் சீசன். புதுச் சட்டப்படி சம்பளத்துல வரி கம்மியா பிடிச்சாங்க இல்லையா? அப்போ வருஷ முடிவுல திரும்பி வர்ற பணமும் சிலருக்குக் குறையும். முதல் வாரத்துல சராசரி ரீஃபண்ட் முந்தின வருஷத்தைவிட 8 சதவீதத்துக்கு மேல கம்மி. ட்விட்டர் பத்திக்கிச்சு. "என் வரியைக் கூட்டிட்டாங்க"ன்னு ஆயிரக்கணக்குல பதிவு. மொத்த வரி குறைஞ்சிருக்கும், ரீஃபண்டும் குறைஞ்சிருக்கும், ரெண்டும் சேர்ந்தே நடக்கலாம். ஆனா அமெரிக்காவுல ரீஃபண்ட்தான் பல குடும்பங்களுக்கு வருஷத்துல வர்ற ஒரே பெரிய தொகை. கார் ரிப்பேர், பல் டாக்டர், பழைய கடன் எல்லாம் அதுக்காகக் காத்திருக்கும். அது சுருங்கினா, கணக்கு வாத்தியார் வந்து விளக்கினாலும் எடுபடாது. சீசன் முடியறப்போ சராசரி கிட்டத்தட்ட பழைய அளவுக்கே வந்துடுச்சு. அது யாருக்கும் செய்தியாப் படல.

இந்த இடத்துலதான் நிறைய பேர், மக்களுக்கு ஒண்ணும் தெரியாது, கட்சி சொல்றதைத்தான் சொல்லுவாங்கன்னு முடிச்சிடுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல.

அதே மக்கள்கிட்ட வேற கேள்வி கேட்டுப் பாருங்க: இந்தச் சட்டத்தால யாருக்கு அதிக லாபம்? பணக்காரங்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும்னு பெரும்பான்மை சொன்னது. கணக்கும் அதைத்தான் சொல்லுது. நடுத்தரக் குடும்பத்துக்கு 930 டாலர்னு சொன்னேன் இல்லையா? மேல்மட்ட 1 சதவீதத்துக்குச் சராசரி 51,000 டாலர். டாலரை விடுங்க, அவங்கவங்க வருமானத்துல எத்தனை பங்குன்னு பார்த்தாலும் நடுத்தரத்துக்கு 1.6 சதவீதம், மேல்மட்டத்துக்கு 3.4 சதவீதம். தன் வீட்டுக்கு எவ்வளவு வந்ததுன்னு தப்பா சொன்னவங்க, பக்கத்து மாளிகைக்கு எவ்வளவு போச்சுன்னு சரியா சொல்லியிருக்காங்க. பியூ ஆய்வு மையம் வருஷக்கணக்கா கேட்கிற ஒரு கேள்வியிலயும் இதே நிலைமைதான். வரி விஷயத்துல உங்களை ரொம்ப உறுத்துறது எதுன்னா, தான் கட்டுற தொகைன்னு சொல்றவங்களைவிட, பணக்காரங்களும் கம்பெனிகளும் நியாயமான பங்கைக் கட்டுறதில்லைன்னு சொல்றவங்கதான் அதிகம், சுமார் 60 சதவீதம்.

ஆனா அங்கயும் ஒரு ஓட்டை இருக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்துல சூசன் மெட்லர்னு ஒரு அரசியல் அறிவியல் பேராசிரியர். வீட்டுக்கடன் வட்டிக்கு வரிக்கழிவு வாங்கினவங்களை அவங்க ஆய்வுல எடுத்துக்கிட்டாங்க. அவங்கள்ல 60 சதவீதம் பேர், "நான் எந்த அரசுத் திட்டத்தையும் பயன்படுத்தினதே இல்ல"ன்னு சொல்லியிருக்காங்க. ஏழைக்கு உணவு உதவி போனா அது அரசுத் திட்டம். எனக்கு வரிக்கழிவு வந்தா அது என் பணம். வரி வழியா கொடுக்கிறது அமெரிக்க அரசியல்ல ரெண்டு கட்சிக்கும் சுலபம், ஏன்னா கை நீட்டி வாங்கின மாதிரி யாருக்கும் தோணாது. கொடுத்ததுக்கு நன்றியும் வராது.

2018 நவம்பர் இடைத்தேர்தல்ல கீழவையில ஜனநாயகக் கட்சிக்கு சுமார் 40 சீட் கூடுதலா கிடைச்சது. வரிச்சட்டம் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், மருத்துவக் காப்பீடுதான் அந்தத் தேர்தலோட பெரிய பேச்சு. லியோனார்ட் லான்ஸ்னு நியூ ஜெர்சி குடியரசுக் கட்சி எம்.பி. ஒருத்தர். மாநில வரிக்கான கழிவுக்கு அந்தச் சட்டம் 10,000 டாலர்னு உச்சவரம்பு போட்டதால தன் தொகுதிக்கு அடி விழும்னு, சொந்தக் கட்சியை மீறி எதிர்த்தே ஓட்டுப் போட்டார். அவரும் தோத்தார். கட்சி போர்டு மாட்டியிருக்கிற கடைக்காரர் என்ன விக்கிறார்னு உள்ள போய்ப் பார்க்க ஆள் இல்ல.

2025-க்கு வருவோம். 2017-ல குறைச்ச தனிநபர் வரி எல்லாம் 2025 முடிவோட காலாவதி ஆக வேண்டியது. டிரம்ப்போட ரெண்டாவது ஆட்சியில அதை நிரந்தரமாக்கி ஒரு பெரிய சட்டம் போட்டாங்க. செனட்ல 50-க்கு 50 வந்து, துணை அதிபர் வான்ஸ் ஓட்டுல 51. மறுபடியும் ஜனநாயகக் கட்சி ஓட்டு ஒண்ணுகூட இல்ல. 2025 ஜூலை 4 கையெழுத்து. கருத்துக்கணிப்புகள்ல எதிர்ப்புதான் அதிகம். இருக்கிற வரி விகிதம் அப்படியே தொடருறதை யாராவது கொண்டாடுவாங்களா? ஏறியிருக்க வேண்டிய வரி ஏறலங்கிறது சம்பளச் சீட்டுல எந்த வரியிலயும் எழுதியிருக்காது.

அந்தச் சட்டத்துல ரெண்டு பக்கமும் சண்டை போடாத ஒரு விஷயமும் இருக்கு. டிப்ஸுக்கு வரி இல்லைங்கிற வாக்குறுதி. 2024 ஜூன்ல டிரம்ப் அதை லாஸ் வேகாஸ்ல அறிவிச்சார், ஹோட்டல் ஊழியர்கள் ஊர். ஆகஸ்ட்ல கமலா ஹாரிஸ் அதே ஊருக்குப் போய் நானும் பண்றேன்னாங்க. 2025 மே மாசம் செனட்ல இதுக்குன்னு தனி மசோதாவை எதிர்ப்பே இல்லாம நிறைவேத்தினாங்க. பொருளாதார நிபுணர்கள் பல பேர் இதை மோசமான யோசனைம்பாங்க, டிப்ஸ் வாங்குற சர்வருக்குச் சலுகை, அதே சம்பளம் வாங்குற சமையல்காரருக்கு இல்லையேன்னு. எனக்கும் அதே கேள்விதான். ஆனா நாலு வார்த்தையில சொல்ல முடியுது, பில்லுல கண்ணால பார்க்க முடியுது.

குடியரசுக் கட்சி 2018-ஐ மறக்கல போல. இந்தச் சட்டத்தோட புதுச் சலுகைகள் 2025 ஜனவரியில இருந்தே செல்லும். ஆனா சம்பளத்துல வரி பிடிக்கிற அட்டவணையை அந்த வருஷத்துக்கு மாத்தப் போறதில்லைன்னு வரித்துறை அறிவிச்சது. அப்போ அந்தச் சலுகை மாசா மாசம் சில்லறையா கரையாது. 2026 தொடக்கத்துல தாக்கல் பண்றப்போ ரீஃபண்டா, மொத்தமா வரும். அந்த வருஷம் நவம்பர்லதான் இடைத்தேர்தல்.

அதே சட்டத்துல ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஒரு புது நிபந்தனை இருக்கு. வேலை பார்க்கிறதை நிரூபிச்சாத்தான் நிறைய பேருக்கு அது தொடரும். மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த வேண்டிய கெடு தேர்தலுக்கு அப்புறம், 2027 ஜனவரி 1.