தூசிக் கணக்கு யார் தலையில்?

(டெல்லிக் கிளைக் கூட்டத்தில் பேசியது)



குளிர்காலத்தில் புகை முற்றினால் இந்த ஊரில் கட்டட வேலையை நிறுத்தி உத்தரவு போடுகிறார்கள். சித்தாள் வீட்டில் மறுநாள் அடுப்பு எரியாது. ஆக, காற்றில் உள்ள தூசி யாருடையது என்ற கணக்கு நமக்குக் கூலிக் கணக்கு.

அதை எப்படிப் போடுகிறார்கள்? நான் ரயில்வே பார்சல் குமாஸ்தா, எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரு மூட்டைக்கு அனுப்பும் ஸ்டேஷனில் ஒரு பதிவு, வந்து சேரும் ஸ்டேஷனில் ஒரு பதிவு. விஞ்ஞானிகளும் அப்படித்தான். எத்தனை வண்டி, எத்தனை அடுப்பு, எத்தனை ஆலை என்று கிளம்பும் இடத்தில் எண்ணுவது ஒரு வழி. ஊருக்குள் வடிதாள் வைத்துக் காற்றை இழுத்து, படிந்த துகளின் ரசாயனத்தைச் சோதித்து, இது டீசல், இது விறகு, இது நிலக்கரி என்று ஆளைப் பிடிப்பது இன்னொரு வழி.

கான்பூர் ஐ.ஐ.டி. இரண்டையும் டெல்லிக்குச் செய்து 2016-இல் அறிக்கை தந்தது. நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளுக்கு பி.எம். 2.5 என்று பெயர். கிளம்பும் கணக்கில் சாலைத் தூசி 38 சதவீதம், முதலிடம். குளிர்கால வடிதாளில் பார்த்தால் அதே தூசி கடைசி வரிசைக்குப் போய்விட்டது! அங்கே வண்டிகள் 25, விறகு, வரட்டி, வைக்கோல் எரிப்பு 26. எல்லாவற்றுக்கும் மேலே 30 சதவீதம், காற்றிலேயே பிறக்கும் துகள். அனல் மின் நிலையமும் வண்டியும் விடும் வாயு மேலே கலந்து தூளாகிறது. புகைபோக்கி வாயில் நின்று தூளை எண்ணுகிறவனுக்கு அது அகப்படாது.

கோடையில் மண் தூசி கால் பங்குக்கு மேல். அதை நான் மறைக்கவில்லை. நம் வரட்டி அடுப்பும், காவல்காரர் இரவில் மூட்டும் தீயும் அந்த 26-இல் உண்டு.

ஆனால் தவணை யாருக்குக் கிடைக்கிறது? மின் நிலையங்கள் கந்தக வாயுவைக் குறைக்க வேண்டும் என்ற விதி 2015 டிசம்பரில் வந்தது. 2017-க்குள் முடிக்க வேண்டியது தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். டெல்லியைச் சுற்றியுள்ளவற்றுக்கு 2027 கடைசி வரை அவகாசம். கொத்தனாருக்கு ஒரு நாள் அவகாசம் உண்டா?

தடைக்காலத்தில் கட்டடத் தொழிலாளர் நல வரியிலிருந்து பிழைப்புப் படி கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் உத்தரவிட்டது. பணம் வாரியத்தில் பதிந்தவர்களுக்குத்தான் வருகிறது. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, கடந்த ஓராண்டில் 90 நாள் வேலை செய்திருந்தால் பதியலாம். மேஸ்திரியிடம் இன்றே சான்று கேளுங்கள். படிவம் இந்தியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். ஞாயிறு காலை சங்க அறையில் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.