எஜமானனை மாற்றிக்கொள்வது விடுதலையாகுமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஐரோப்பாவைப் பற்றியதாகும். ஐரோப்பிய தேசத்தார்கள் அமெரிக்காவின் பிடியிலிருந்து தாங்கள் விடுபட வேண்டும் என்று இப்போது வெளிப்படையாகவே பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 2025-ம் வருஷம் பிப்ரவரியில் தேர்தலில் ஜெயித்த அன்று இரவே மெர்ஸ் என்பவர், அமெரிக்காவிடமிருந்து படிப்படியாகச் சுதந்திரம் அடைவதே தமது முதல் வேலை என்று சொன்னார். உலகத்தில் பெரும் பாகத்தைக் கட்டி ஆண்டவர்களுக்கும் ஒரு எஜமானன் உண்டா என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். பட்டாளம் வந்து பூட்டிய விலங்கு எவன் கண்ணுக்கும் தெரியும். தானே கையெழுத்துப் போட்டு, நன்றியும் சொல்லி, மாதா மாதம் வாடகையும் கொடுத்து மாட்டிக்கொண்ட விலங்கு அவ்வளவு சுலபத்தில் தெரியாது.

ஒரு நீதிபதியின் கதி

இது எப்படிப்பட்ட விலங்கு என்பதற்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். ஹாலந்து தேசத்து ஹேக் நகரத்தில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இருக்கிறது. அதன் நீதிபதிகள் மூவர் 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதம மந்திரியைக் கைது செய்ய வாரண்டு பிறப்பித்தார்கள். அவர்களில் ஒருவர் பிரஞ்சுக்காரர். 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் அவர் பேரில் தடை விதித்தது.

அவர் அமெரிக்கப் பிரஜையல்ல. அவர் வசிப்பதும் உத்தியோகம் பார்ப்பதும் ஐரோப்பாவில். ஐரோப்பாவில் எந்தக் கோர்ட்டும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அப்படியிருந்தும் அமெரிக்கக் கம்பெனிகளில் அவருக்கு இருந்த கணக்குகள் மூடப்பட்டன. சொந்த தேசமாகிய பிரான்சில் ஒரு ஓட்டலில் அறைக்கு ஏற்பாடு செய்தார். அது அமெரிக்கக் கம்பெனி மூலம் செய்த ஏற்பாடானதால் சில மணி நேரத்துக்குள் ரத்தாயிற்று. பாங்கிக் கார்டும் செல்லாமல் போயிற்று. இவற்றை அவரே பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார். கார்டின்மேல் அச்சிட்டிருப்பது ஐரோப்பிய பாங்கியின் பெயர்தான். ஆனால் பணம் ஓடுகிற பாதை விசா, மாஸ்டர்கார்டு என்னும் அமெரிக்கக் கம்பெனிகளுடையது.

பெரிய நீதிபதிக்கே இந்தக் கதியானால் சாதாரணக் குடியானவனும் தொழிலாளியும் எம்மாத்திரம்? வீடு நம்முடையது, ஆனால் சாவி பக்கத்து வீட்டுக்காரன் மடியில் என்றால், அவனுக்குக் கோபம் வருகிறவரையில்தானே அது நம் வீடு?

இது வந்த விதம்

இந்த நிலைமை திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1945-ல் யுத்தம் முடிந்தபோது ஐரோப்பா சாம்பலாகக் கிடந்தது. அமெரிக்கா 1948 முதல் 1952 வரை மார்ஷல் திட்டத்தின்படி சுமார் 1300 கோடி டாலர் கொடுத்தது. 1949-ல் நேட்டோ என்னும் ராணுவ ஒப்பந்தம் ஏற்பட்டது. இதனால் ஐரோப்பா பிழைத்தது என்பதும், ருஷியாவிடம் பயம் இருந்தது என்பதும் வாஸ்தவம்தான். நாம் மறைக்கவில்லை. ஆனால் உதவி வந்த வழியாகவே அதிகாரமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

1956-ல் இங்கிலாந்தும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்து சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின்மேல் படையெடுத்தன. அது அக்கிரமமான படையெடுப்பு. அவர்கள் தோற்றதற்காக நாம் கண்ணீர் விடவேண்டியதில்லை. ஆனால் அவர்களை நிறுத்தியது எது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கா ஒரு குண்டுகூடப் போடவில்லை. பவுன் நாணயம் சரிந்துகொண்டிருந்த சமயத்தில் பிரிட்டனுக்குக் கடன் கிடைக்காமல் செய்தது. அவ்வளவுதான்; ஏகாதிபத்தியப் பட்டாளம் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிற்று.

பிரான்சு தேசத்து ஜனாதிபதி டிகால் இதிலிருந்து ஒரு பாடம் படித்தார். தம்மிடம் சேர்ந்த டாலரைக் கொடுத்துத் தங்கம் கேட்டார். 1966-ல் நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து பிரான்சை விலக்கி, அமெரிக்கப் பட்டாளத்தைத் தம் மண்ணைவிட்டு வெளியேறச் சொன்னார். மற்ற தேசத்தார் அவரை வறட்டு கௌரவக்காரர் என்று பரிகாசம் செய்தார்கள். 2009-ல் பிரான்சும் திரும்பப் போய்ச் சேர்ந்துகொண்டது. இன்று டிகால் சொன்னதையே அப்போது பரிகாசம் செய்த தேசங்களும் சொல்லுகின்றன.

தீர்மானம் போட்டால் போதுமா?

2018-ல் அமெரிக்கா ஈரானோடு செய்திருந்த அணு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, ஈரானோடு வியாபாரம் செய்கிறவர்களைத் தண்டிப்போம் என்றது. ஐரோப்பிய சர்க்கார்கள் வீரமாக எழுந்தன. எங்கள் கம்பெனிகள் அமெரிக்கத் தடைக்குக் கீழ்ப்படியக்கூடாது என்று சட்டமே செய்தன. நடந்தது என்ன? டோட்டால் என்னும் பிரஞ்சு எண்ணெய்க் கம்பெனி ஈரானைவிட்டு ஓடிற்று. தன் கடன் ஏற்பாடுகளில் 100-க்கு 90-க்கு மேல் அமெரிக்க பாங்கிகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று அந்தக் கம்பெனியே சொல்லிற்று. பிறகு 2019-ல் டாலர் இல்லாமல் வியாபாரம் செய்ய இன்ஸ்டெக்ஸ் என்று ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். அது ஒரே ஒரு வியாபாரத்தை முடித்துவிட்டு 2023-ல் கலைக்கப்பட்டது. சட்டம் ஐரோப்பாவிடமும் பணப்பை அமெரிக்காவிடமும் இருந்தால் கம்பெனிக்காரன் யாருக்குப் பயப்படுவான் என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

ஆயுதமும் அப்படியே. நேட்டோவில் உள்ள ஐரோப்பிய தேசங்கள் 2020 முதல் 2024 வரை வெளியிலிருந்து வாங்கிய பெரிய ஆயுதங்களில் 100-க்கு 64 பங்கு அமெரிக்கச் சரக்கு. 2025 மார்ச்சில் அமெரிக்கா உக்ரேனுக்கு உளவுத் தகவல் கொடுப்பதைச் சில நாள் நிறுத்திவைத்தது. அப்போதுதான் பலருக்குத் தூக்கம் கலைந்தது. நேட்டோவைச் சேர்ந்த டென்மார்க்கின் ஆட்சியிலுள்ள கிரீன்லாந்தைப் பிடிக்கப் பலாத்காரத்தை உபயோகிக்கமாட்டேன் என்று உறுதி சொல்லக்கூட அதே வருஷம் ஜனவரியில் ட்ரம்ப் மறுத்தார். காவல்காரனே வயலின்மேல் கண் வைத்தால் சொந்தக்காரன் யாரிடம் போய் முறையிடுவான்?

மாட முடியாத காரியமா?

இனி முடியாது, காலம் கடந்துவிட்டது என்று சில புத்திசாலிகள் சொல்லுகிறார்கள். இது சோம்பேறிகளின் வாதமாகும். 1970-ல் ஏர்பஸ் ஏற்பட்டபோது ஆகாயக் கப்பல் வியாபாரம் அமெரிக்கர்களின் ஏகபோகமாக இருந்தது. 2003-ல் ஏர்பஸ் ஒரு வருஷத்தில் விற்றுக் கொடுத்த விமானங்கள் போயிங்கைவிட அதிகமாயின. பிரான்சும் ஜெர்மனியும் செய்த சிம்பொனி என்னும் செயற்கைக் கோளை, வியாபாரத்துக்கு உபயோகிக்கக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் அமெரிக்கா ஏவிக் கொடுத்தது. அந்த அவமானம் உறைத்ததால் ஐரோப்பியர்கள் ஏரியான் ராக்கெட்டைச் செய்து 1979 டிசம்பரில் தாங்களே ஏவினார்கள். இவை எல்லாம் மந்திரத்தால் வரவில்லை. பல தேசத்துப் பணமும் மூளையும் பல வருஷம் விடாமல் உழைத்ததால் வந்தவை.

விட்டால் என்னவாகும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. ஜெர்மனியில் மூனிச் நகரசபை தன் ஆபீசுக் கம்ப்யூட்டர்களை மைக்ரோசாப்டிலிருந்து விடுவிக்க 2003-ல் தீர்மானித்து, பத்து வருஷம் பாடுபட்டு முடித்தது. 2017-ல் பழைய இடத்துக்கே திரும்ப முடிவு செய்தது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாகாண சர்க்கார், யாரும் திறந்து பார்க்கவும் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளுக்கு மாற ஆரம்பித்து, 40,000-க்கு மேற்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளை 2025-ல் மாற்றி முடித்தது. முணுமுணுப்பும் சிரமமும் இல்லாமலில்லை. பழகின செருப்பைக் கழற்றினால் இரண்டு நாள் கால் நோகத்தான் செய்யும்.

ஜாக்கிரதையாயிருக்க வேண்டிய இடம்

நிற்க, இந்தக் கூச்சலில் ஏமாந்துபோகக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுவே இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2022-ல் உக்ரேன் யுத்தம் வந்ததும் ஐரோப்பா ருஷிய எரிவாயுவைக் குறைத்தது. நல்லது. ஆனால் அந்த இடத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்குவது பெரும்பாலும் அமெரிக்க எரிவாயு. 2025 ஜூலையில் தன் சாமான்களுக்கு 100-க்கு 15 வரியை ஒப்புக்கொண்டதோடு, மூன்று வருஷத்தில் 75,000 கோடி டாலருக்கு அமெரிக்க எரிபொருள் வாங்குவதாகவும் ஐரோப்பிய யூனியன் வாக்குக் கொடுத்தது. ஒரு எஜமானனை விட்டு இன்னொருவனிடம் சேருவது விடுதலையாகுமா?

அன்றியும், நேட்டோ தேசங்கள் 2035-க்குள் தேசத்தின் மொத்த உற்பத்தியில் 100-க்கு 5 பங்கைப் பாதுகாப்புக்குச் செலவு செய்வதாக 2025 ஜூனில் ஒப்புக்கொண்டன. இந்தப் பணம் யாருடையது? வரி கொடுக்கிற ஜனங்களுடையது. அதைக் கொண்டு மறுபடியும் அமெரிக்க ஆயுதமே வாங்கினால் விலங்குக்கு வெள்ளி முலாம் பூசியதாகும். சுதேசி முதலாளிக்கே கொட்டிக் கொடுத்து, அவன் சாவியை மடியில் கட்டிக்கொண்டு ஜனங்களை மிரட்டினால் அதிலும் பிரயோஜனமில்லை. ஐரோப்பாக்காரன் பூட்டினாலும் பூட்டு பூட்டுத்தான்.

ஆகையால் எந்தத் தேசத்துச் சரக்கு, எந்தக் கொடியின் நிறம் என்று பார்ப்பதைவிட இரண்டு கேள்விகளைக் கேட்பதே அறிவுடைமையாகும். கொடுக்கிறவன் நாளைக்கு நிறுத்திவிட்டால் நம் காரியம் நடக்குமா? அவனை வேண்டாமென்றால் வேறிடத்துக்குப் போக நமக்கு வழியுண்டா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் யாரோடு வேண்டுமானாலும் வியாபாரம் செய்யலாம், சிநேகமும் பாராட்டலாம். ‘இல்லை’ என்றால் எவ்வளவு அன்பான சிநேகமானாலும் அது அடிமைச் சீட்டே ஆகும்.

தோழர்களே! அமெரிக்க ஜனங்களின்மேல் நமக்குத் துவேஷம் இல்லை. தலைவன் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற ஐரோப்பியர்களைப் பார்த்துத்தான் பரிதாபப்படுகிறோம். நல்ல எஜமானன் வருவான் என்று காத்திருக்கிறவன் எஜமானன் வேண்டும் என்பதைத்தான் ஒப்புக்கொள்ளுகிறான். சுதந்திரத்துக்குச் செலவு உண்டு, சிரமம் உண்டு, சௌகரியக் குறைவும் உண்டு. அவற்றை ஏற்க ஐரோப்பிய ஜனங்கள் தயாரா, அந்தப் பாரத்தை ஏழை தலையில் மாத்திரம் வைக்காமல் பணக்காரனும் சுமப்பானா என்பதைப் பொறுத்தே அவர்கள் பேசும் விடுதலை உண்மையா, வெறும் வாய்ப்பேச்சா என்பது தெரியவரும்.