தடுப்பவர்கள் தோள் கொடுக்கட்டும்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது, மேடையில் பேசுவதற்குப் பலரும் கூச்சப்படுகிற ஒரு விஷயம். வயிற்றில் வளரும் குழந்தைக்கு ஊனம் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தால் அந்தக் கருவைக் கலைக்கலாமா? கலைக்கக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட வேண்டுமா? உலகத்தின் பல நாடுகளில் நடக்கும் இந்த விவாதம் நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. "ஹஸ்ரத், ஐந்தாம் மாத ஸ்கேனில் இப்படிச் சொல்லிவிட்டார்கள், நாங்கள் என்ன செய்வது?" என்று கண் கலங்கி வந்து நிற்கிறார்கள்.

"ஹராம்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து போவது ஆலிமுக்கு எளிது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு, அந்தப் பிள்ளையை 30 வருடம், 40 வருடம் தூக்கிச் சுமக்கப் போகிறவள் ஒரு தாய். அவள் சுமக்கும்போது நாம் எங்கே இருப்போம்? அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் கருக்கலைப்புச் சட்டம் 1971ல் இயற்றப்பட்டது. கலைப்பதற்கு 20 வாரம் என்று எல்லை வைத்தது. 2008ல் மும்பையில் ஒரு தம்பதியர் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். கருவின் இதயத்தில் கோளாறு இருப்பது 20 வாரம் தாண்டிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அதிலிருந்து சூடுபிடித்த விவாதம் பல வருடங்கள் நடந்து, 2021ல் சட்டம் திருத்தப்பட்டது.

இப்போதைய நிலை என்ன? 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். கருவில் 'கணிசமான குறைபாடு' இருப்பதாக மருத்துவ வாரியம் சொல்லிவிட்டால் வாரக் கணக்கே கிடையாது! 2022 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம், மூளைக் குறைபாடு காணப்பட்ட 33 வாரக் கருவைக் கலைக்க அனுமதித்தது. அந்த வழக்கில் மருத்துவ வாரியம் கலைக்க வேண்டாம் என்றே சொல்லியிருந்தது. தாயின் முடிவே இறுதியானது என்றது நீதிமன்றம்.

மாற்றுத்திறனாளிகளுக்காகக் குரல் கொடுப்போர் இதற்கு எதிராக ஒரு கேள்வி கேட்கிறார்கள். பெண் என்பதற்காகக் கருவை அழிப்பதைத் தடுக்க, ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதையே 1994ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. அதே சட்டம், ஊனம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வழிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, இவர்களும் சம உரிமை பெற்ற குடிமக்களே என்கிறது. தாலசீமியாவும் அந்த 21ல் ஒன்று. பிறந்துவிட்டால் சம உரிமை, பிறக்கும் முன்பு எல்லையே இல்லை என்றால் இது என்ன நீதி என்று அவர்கள் கேட்கிறார்கள்.

பெண்கள் அமைப்புகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. வயிற்றில் சுமப்பவள் அவள், பிறகு இடுப்பில் சுமப்பவளும் அவள். உதவிக்கு வராதவர்கள் உத்தரவு மட்டும் போடலாமா என்கிறார்கள். சகோதரர்களே! இரண்டு கேள்விகளையும் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

மார்க்கத்தின் எல்லை

வறுமைக்காகப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று அல்லாஹ் திருக்குர்ஆனில் இரண்டு இடங்களில் தடுக்கிறான். 6வது அத்தியாயத்தின் 151வது வசனம், ஏற்கனவே வறுமையில் இருப்பவர்களிடம் பேசுகிறது. அங்கே பெற்றோரின் உணவை முதலில் சொல்லி, பிள்ளையின் உணவைப் பிறகு சொல்கிறான். 17வது அத்தியாயத்தின் 31வது வசனம், வறுமை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களிடம் பேசுகிறது. அங்கே பிள்ளையின் உணவை முதலில் சொல்லி, பெற்றோரின் உணவைப் பிறகு சொல்கிறான். ஏன் இந்த மாற்றம்? இன்றைய கஷ்டம் வேறு, நாளையைப் பற்றிய பயம் வேறு. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் தாய்க்கு இருப்பது இந்த இரண்டாவது பயம்தான். "நான் மௌத்தான பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" என்ற பயம்!

நான்கு மாதங்கள் நிறைவடைந்த பின் கருவில் உயிர் ஊதப்படுகிறது என்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் இடம்பெற்றுள்ள, இப்னு மஸ்வூத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸிலிருந்து அறிஞர்கள் எடுத்த முடிவு. அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தக்க காரணம் இருந்தால் அனுமதித்தவர்கள் ஹனஃபி மத்ஹபில் இருக்கிறார்கள். மாலிகி மத்ஹபில் தொடக்கத்திலிருந்தே கடுமை உண்டு. 1990ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை இந்தப் பிரச்சினையையே எடுத்து ஆராய்ந்தது. 120 நாட்கள் நிறைவடைவதற்கு முன், குறைபாடு கடுமையானது, சிகிச்சைக்கு வழியில்லாதது என்று நம்பகமான மருத்துவர் குழு பரிசோதனைகளின் மூலம் உறுதி செய்து, பெற்றோரும் கேட்டுக்கொண்டால் கலைக்கலாம். 120 நாட்களுக்குப் பிறகு, தாயின் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் குழு சொன்னாலே தவிர, ஊனத்தைக் காரணம் காட்டிக் கலைக்கக் கூடாது என்று அது முடிவு செய்தது.

இந்த எல்லையை நம் வீடுகளில் காப்பதற்கு எந்த அரசாங்கமும் புதிய சட்டம் போடத் தேவையில்லை. நாட்டின் சட்டம் கலைக்க அனுமதிக்கிறது. கலைத்தே ஆக வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

நாட்கணக்கு தெரியுமா?

இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 120 நாள் என்பது கரு உண்டானதிலிருந்து எண்ணப்படுவது. மருத்துவர்களோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறார்கள். எனவே மார்க்கத்தின் 120 நாள் என்பது மருத்துவரின் சீட்டில் ஏறக்குறைய 19 வாரம். குறைபாடுகளைத் தேடும் பெரிய ஸ்கேன் எடுக்கப்படுவது எப்போது? பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில்! அறிக்கை வந்து, பெரிய மருத்துவமனைக்கு ஓடி, பிறகு ஆலிமிடம் வருவதற்குள் எல்லை தாண்டிவிடுகிறது.

ஆனால் 11 முதல் 14 வாரத்துக்குள்ளேயே முதல் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. மூளையும் மண்டையோடும் வளராத நிலை போன்ற பெருங்குறைகள் அப்போதே தெரியும். டவுன் சிண்ட்ரோமுக்கு வாய்ப்பு அதிகமா என்பதும் தெரியும். 'வாய்ப்பு அதிகம்' என்று வந்துவிட்டால் நோய் இருக்கிறது என்று பொருளல்ல! உறுதி செய்ய வேறு பரிசோதனை வேண்டும். அதற்கு முன்பே முடிவெடுத்துக் கலைத்துவிட்டால் அது நல்ல குழந்தையாகவும் இருக்கலாம். முன்கூட்டியே அறிவது கலைப்பதற்காக மட்டுமல்ல. இதயத்தில் ஓட்டை என்று தெரிந்தால், பிறந்தவுடன் அறுவைச் சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனையிலேயே பிரசவம் பார்க்கலாமே!

அதற்கும் முந்தியது நிகாஹ். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம்மிடம் அதிகம். தாய் தந்தை இருவரும் தாலசீமியாவைக் கடத்துபவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு அந்த நோய் வரும் என்பது. திருமணப் பேச்சுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். நகையையும் சீரையும் பற்றி நாட்கணக்கில் பேசுகிறவர்கள் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

போலந்து கற்றுத் தரும் பாடம்

"அப்படியானால் எல்லோருக்கும் சட்டத்தையே இறுக்கிவிடலாமே" என்று சில சகோதரர்கள் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் போலந்து என்ற கத்தோலிக்க நாடு அதைத்தான் செய்தது. கருவின் கடும் குறைபாட்டைக் காரணமாகக் கொண்டு கலைப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2020 அக்டோபர் 22ல் அதன் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது.

சரி, ஊனத்தோடு பிறந்த பிள்ளைக்கு அந்த நாடு என்ன கொடுத்தது? 2016ல் ஒரு திட்டம் போட்டது. கடும் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைக்கு ஒரே ஒரு தடவை 4,000 ஸ்லோட்டி பணம். 2018ல் வளர்ந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பெற்றோர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே 40 நாட்கள் தங்கிப் போராடினார்கள். மாதம் 500 ஸ்லோட்டி கூடுதல் உதவி கேட்டார்கள். கேட்ட அந்தத் தொகை கைக்கு வராமலேயே எழுந்து போனார்கள். பிறக்காத பிள்ளைக்காக உருகியவர்கள், பிறந்து வளர்ந்து கண்ணெதிரே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிள்ளையை என்ன செய்தார்கள் பார்த்தீர்களா?

2021 செப்டம்பரில் அங்கே 22 வாரக் கர்ப்பிணியான 30 வயதுப் பெண் ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். பனிக்குடம் உடைந்திருந்தது, கருவுக்கும் குறைபாடு. கருவின் இதயத்துடிப்பு நிற்கும்வரை மருத்துவர்கள் காத்திருந்ததால்தான் அவர் இறந்தார் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். தாயின் உயிர் முதலில் என்பது நமது மார்க்கம். சட்டத்துக்குப் பயந்து மருத்துவர் கைகட்டி நிற்கும் நிலை நம் நாட்டில் வரக்கூடாது.

உமர் (ரலி) மாற்றிய சட்டம்

கலீஃபா உமர் (ரலி) அவர்களது ஆட்சியில் குழந்தைகளுக்கு உதவித்தொகை இருந்தது. பால்குடி மறந்த பிறகுதான் கிடைக்கும் என்பது விதி. ஒரு நாள் மதீனாவின் எல்லையில் தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்கு இரவுக் காவலாக நின்றபோது, ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். ஏன் பிள்ளையை அழவிடுகிறாய் என்று தாயைக் கடிந்தார்கள். பேசுவது கலீஃபா என்று அவளுக்குத் தெரியாது. பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் உமர் உதவித்தொகை தருகிறார், அதனால் முன்கூட்டியே மறக்கடிக்கிறேன் என்றாள். அன்றைய ஃபஜ்ரு தொழுகையில் அழுகையினால் உமர் (ரலி) அவர்களது ஓதல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்தது, பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டு என்று அறிவிப்பு வந்தது.

கவனியுங்கள்! உமர் (ரலி) அந்தத் தாயைத் தண்டிக்கவில்லை. அவளை அந்த நிலைக்குத் தள்ளிய விதியை மாற்றினார்கள். நமது தமிழ்நாட்டிலும் பெண்சிசுக் கொலை தலைவிரித்தாடியபோது, 1992ல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கொல்லாதே என்று சொன்ன அரசாங்கம், எங்களிடம் கொடு என்றும் சொன்னது.

நாம் செய்ய வேண்டியது

வணிகப் பெருமக்களே! ரமலானில் கடை வாசலில் வரிசை நிறுத்தி, ஆளுக்கு 100 ரூபாய் என்று பங்கிடுகிறோம். பெருநாள் முடிந்தால் அந்தப் பணம் எங்கே என்று தெரியாது. அந்த ஜகாத்தை பைத்துல்மாலில் சேர்த்து, மஹல்லாவில் உள்ள ஏழைக் குடும்பங்களின் ஊனமுற்ற பிள்ளைகளுக்கு மாதந்தோறும் சிகிச்சைச் செலவும் பயிற்சிச் செலவும் கொடுத்தால் என்ன? உங்கள் கடையில் ரசீது எழுதவும் சரக்கு எண்ணவும் கால் நடக்காத ஓர் இளைஞனை வைத்துக்கொண்டால் வியாபாரம் குறைந்துவிடுமா?

இளைஞர்களே! இரத்ததானத்தில் நமக்கு நல்ல பெயர் இருக்கிறது. தாலசீமியா பிள்ளைக்கு சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பிள்ளைக்கு 15 பேர் என்று பெயர் எழுதிவையுங்கள், அந்தத் தாய் இனி மருத்துவமனை வாசலில் நின்று கெஞ்ச வேண்டாம். அடையாள அட்டை, மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை, நிராமயா மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவை உள்ள பிள்ளைக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு இருக்கிறது. 'எனக்குப் பிறகு யார்' என்று அஞ்சும் தாய்க்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்ல வைத்தார்கள். ஊரை விட்டு வெளியே போகும்போது மதீனாவின் பொறுப்பையே அவரிடம் கொடுத்துப் போயிருக்கிறார்கள். நமது பள்ளிவாசல் படிகளில் ஒரு சக்கர நாற்காலி ஏற முடியுமா? இன்று வீட்டுக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போங்கள். ஊனமுற்ற பிள்ளையைப் பெற்றவளை 'என்ன பாவம் செய்தாளோ' என்று பேசும் வாய்களையும் ஜும்ஆ மேடையில் வைத்துக் கண்டியுங்கள்.

அரசாங்கத்திடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. 'கணிசமான குறைபாடு' எது என்பதைச் சட்டத்திலேயே தெளிவாக்க வேண்டும். சிகிச்சையால் சரியாகும் உதட்டுப் பிளவும், ஒரு விரல் குறைவும் அதில் நுழைந்துவிடக் கூடாது. மருத்துவ வாரியத்தின் முன் வரும் பெற்றோருக்கு, அதே குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் ஒரு பெற்றோரைச் சந்தித்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும். முதல் ஸ்கேன் 14 வாரத்துக்குள் ஏழைப் பெண்களுக்கும் அரசு மருத்துவமனையில் கிடைக்க வேண்டும்.

கலைக்காதே என்று ஒரு தாயிடம் சொல்ல நமக்கு மார்க்கம் உரிமை தந்திருக்கிறது. அந்தச் சொல்லோடு ஒரு கடனும் நம் கழுத்தில் ஏறுகிறது. அந்தக் கடனை நிறைவேற்றும் ஜமாஅத்தாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக!